கடப்பாவும் ஒரு டப்பா சர்க்கரையும்

"கும்பகோணம் செல்கிறோம், எந்த ஓட்டலில் சாப்பிடலாம்?" என்று அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. திருத்தலப் பயணங்களைப் பற்றி எழுதுபவனுக்கு ஓட்டல்களும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓரளவு தெரியும் என்பதும் உண்மை. ஆயினும் ஓட்டலின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "உடன் வருபவர்கள் யார் யார்?"

தனியாகச் செல்பவருக்கு உணவு எந்த ஊரிலும் பெரிய காரியமன்று. கோயில் வாசலில் பூக் கட்டும் அம்மையாரிடமோ, ஆட்டோ ஓட்டும் தம்பியிடமோ, "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் நல்ல இட்டலி கிடைத்துவிடும். பதினான்கு பேர் ஒன்றாகச் செல்லும்போது, அதிலும் பெரும்பாலோர் அறுபத்தைந்தைக் கடந்தவர்களாக இருக்கும்போது, அந்த இட்டலியைச் சுற்றி எத்தனை சங்கதிகள் எழுகின்றன என்பதை இரண்டு பயணங்களில் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டிலும் பிழை என்னுடையது.

எங்களுடையது பிரதோஷக் குழு. சென்னையில் எங்கள் பேட்டைச் சிவாலயத்தில் பிரதோஷந்தோறும் கூடுபவர்கள், தரிசனம் முடிந்தபின் மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து ஓட்டலில் ஒன்றாகச் சிற்றுண்டி அருந்துவதென்று தொடங்கினோம். பகல் முழுவதும் உபவாசம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் தனியாக அடுப்பு மூட்ட வேண்டாமே என்பதுதான் முதல் நினைப்பு. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, தனித்து வாழும் மூன்று பேர் எங்களுள் உண்டு. அவர்களுக்கு அந்த மாலை எவ்வளவு பெரிதென்பதை, ஒரு மாதம் மழையால் கூட்டம் நின்றுபோனபோது வந்த தொலைபேசி அழைப்புகள் உணர்த்தின. அந்தப் பழக்கமே வளர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை சோழநாட்டுத் தலயாத்திரை ஆயிற்று. வண்டி, அறை, சாப்பாடு ஆகிய மூன்றுக்கும் பொறுப்பு அடியேனுடையது.

முதல் பயணத்தில் எனக்கு ஊர்ப்பெருமை தலைக்கேறியிருந்தது. கும்பகோணத்துக்கு வந்துவிட்டு இட்டலிக்குச் சாம்பார் கேட்பதா? கடப்பா அல்லவா சாப்பிட வேண்டும்! பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவார்கள். தஞ்சைப் பகுதிக்கே உரிய பண்டம். எல்லாக் கடைகளிலும் எல்லா நாட்களிலும் கிடைப்பதில்லை. வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் செய்யும் கடைகள் உண்டு. ஆகவே நாளைக் கேட்டறிந்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கும்பேசுவரரையும் சார்ங்கபாணிப் பெருமாளையும் சேவித்த கையோடு எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய், பதினான்கு பேருக்கும் ஒரே மூச்சாக இட்டலி–கடப்பா சொல்லிவிட்டேன். மிகவும் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக எண்ணம்.

எல்லாரும் பாராட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கடைசி மேசையில் அமர்ந்திருந்த ஒரு மாமி மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை. எழுபத்தெட்டு வயது. வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. கடப்பாவில் இரண்டும் உண்டு. பூண்டு இல்லாமல் அதற்கு அந்த மணம் வாராது. இது எனக்குத் தெரியும். அவர் சேர்ப்பதில்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தவறிவிட்டேன். சப்ளையரிடம் சிறிது சர்க்கரை வாங்கி, இரண்டு இட்டலியை அதில் தொட்டு உண்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

"மாமி, சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எல்லாரும் சந்தோஷமா சாப்பிடறச்சே நான் ஒருத்தி எதுக்குச் சொல்லணும்? எனக்கு இது போறும்," என்றார்.

அடுத்த ஆண்டுப் பயணத்தில் பதின்மூன்று பேர். ஒருவர் மூட்டுவலி என்று நின்றுவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இம்முறை மாமி தம் கைப்பையில் ஒரு சிறு எவர்சில்வர் டப்பா நிறையச் சர்க்கரை வைத்திருந்தார். "எந்த ஊர் ஓட்டலானாலும் இனி கவலையில்லை," என்று காட்டினார். எனக்கு அது ஊசியாகக் குத்தியது. ஆனாலும் ஏற்பாட்டை மாற்றினேனா என்றால், இல்லை. மாமிக்குத்தான் வழி கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

அன்று சுவாமிமலையின் அறுபது படிகளையும் ஏறி இறங்கி, தாராசுரம் பார்த்து, இரவு ஏழரை மணிக்கு நகருக்குள் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், சர்க்கரை நோய்க்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர். உணவுக்கு அரை மணிக்கு முன் ஊசி என்பது அவருடைய மருத்துவர் வகுத்த கணக்கு. "இன்னும் பத்து நிமிடம்," என்று ஓட்டுநர் சொன்னதை நம்பி, வண்டியிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார்.

அன்று முகூர்த்த நாள் என்பதை நான் பஞ்சாங்கத்தில் பார்த்திருந்தேன். கல்யாண வீட்டார் எல்லாரும் மண்டபத்தில்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தெருவெல்லாம் வண்டிகள். ஓட்டலில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. காலியாகக் காலியாக இருவர் மூவராக உட்கார்ந்தோம். ஆசிரியருக்கு இடம் கிடைத்தபோது, ஊசி போட்டு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இலை வந்தது, இட்டலி வரவில்லை.

திடீரென்று அவர் சப்ளையரிடம் இரைந்தார். நாற்பது ஆண்டு பள்ளியில் பிரம்பைத் தொடாதவர் என்று பெயர் பெற்றவர், மேசையைத் தட்டி ஏதோ குழறினார். பசிக்கோபம் என்று நாங்கள் சிரித்துவிட்டோம். அடுத்த மேசையிலிருந்து மாமி எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை வழிந்துகொண்டிருந்தது, கை நடுங்கிற்று. "எங்காத்துக்காரருக்கு இப்படித்தான் வரும்," என்று சொல்லி, டப்பாவைத் திறந்து, தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. அதற்குள் இட்டலியும் வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் உண்பவருக்கும் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழறல், காரணமில்லாக் கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கொடுத்து, பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியவில்லையெனில் மீண்டும் கொடுத்து, பின்னர் உணவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஊசியை எப்போது போட்டுக்கொள்வது என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி: உணவு எப்போது வரும் என்று ஓட்டலில் உட்கார்ந்து உறுதி செய்துகொள்ளாமல் வண்டியில் யாரும் ஊசியைத் தொடுவதில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பியபின் நான் உறங்கவில்லை. மறுநாள் காலையில் கடைத்தெருவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். எல்லாரையும் கூட்டி வைத்து, "யாருக்காவது ஏதாவது ஆகாதா?" என்று கேட்டால் பதின்மூன்று தலைகளும் "ஒன்றுமில்லை" என்றே அசையும். தனியாகக் கேட்டபோது வந்தவை வேறு. ஒருவருக்கு மேல் வரிசைப் பற்கள் கட்டியவை. தோசை முறுகலாக இருந்தால் கடிக்க இயலாது, ஆனால் எல்லாரும் நெய் ரோஸ்ட் சொல்லும்போது தாமும் சொல்லி, ஓரங்களை இலையிலேயே விட்டுவிடுவாராம். இன்னொருவருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் உண்டால் நெஞ்செரிச்சல். வேறொருவர் சங்கட சதுர்த்தி உபவாசம். ஓர் அம்மையாருக்கு மாடிப்படி ஆகாது; மேல்தளத்தில் குளிர்சாதன அறை இருக்கிறதென்று நான் பெருமையாக ஏற்றிச் சென்றதெல்லாம் அவருக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது. இவையெல்லாம் நான்காண்டுப் பழக்கத்தில் என் காதில் விழாதவை.

அந்த நோட்டு கையிலிருப்பதால் ஓட்டலோடு பேசுவதும் எளிதாகிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குமேல், மதியச் சாப்பாடு முடிந்து மாலைச் சிற்றுண்டி தொடங்குமுன், கல்லாவில் இருப்பவர் சற்று ஓய்வாக இருப்பார். அப்போது நேரில் போவதே நலம், தொலைபேசி இரண்டாம்பட்சம். "பதின்மூன்று பேர், ஆறே முக்காலுக்கு வருகிறோம், கீழ்த்தளத்தில் சேர்ந்தாற்போல் நான்கு மேசை வேண்டும், இத்தனை இட்டலி, இத்தனை தோசை, அதில் நான்கு மெத்தென்று," என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பெரும்பாலானோர் மனமுவந்து செய்கிறார்கள். கூட்டத்தோடு எட்டு மணிக்கு நுழைந்து அதிகாரம் செய்தால் யார்தான் செய்வார்கள்? கோயில் நடை பெரும்பாலும் நண்பகலில் சாத்தி மாலை நான்கு மணிக்கே திறக்கிறது. ஆகவே மூன்று மணிக்கு நமக்கும் வேறு வேலையில்லை.

பூண்டு விஷயத்தில் மட்டும் சப்ளையரின் சொல்லை நம்பாதீர்கள். பாவம், அவர் நம் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்று, "இல்லைங்க" என்றுதான் சொல்வார். சரக்கு மாஸ்டரைக் கேட்க வேண்டும். சாம்பாரில் வெங்காயம் எப்போது விழுகிறது, எந்தச் சட்னியில் பூண்டு, எதில் இல்லை என்பதை அறிந்தவர் அவர் ஒருவர்தாம். ஒரு கடையில் சரக்கு மாஸ்டர், "அம்மாவுக்குத் தேங்காய்ச் சட்னி தனியா அரைச்சு வைக்கிறேன், சாமி," என்று அவராகவே சொன்னார். மாமி அன்று மூன்று இட்டலி சாப்பிட்டார்.

"கோயில் அன்னதானம் இருக்க ஓட்டல் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டத்தால் எத்தனையோ பேர் பசியாறுகிறார்கள். பிரசாதமாக எண்ணி நாங்களும் ஓரிருமுறை அமர்ந்திருக்கிறோம். ஆயினும் வண்டி அமர்த்தி வந்த பதின்மூன்று பேர் ஒரே பந்தியில் இடம்பிடித்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே அமர்ந்த நாளில் கோயில் அன்னதான உண்டியலில் எங்கள் பங்கைச் செலுத்திவிடுகிறோம்.

சரி, ஊர் உணவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஏமாற்றம் வேண்டாம். எனக்குத் தெரிந்தவற்றை, எவருக்கு எது ஒத்துவரும் என்ற கணக்கோடு சொல்கிறேன்.

கும்பகோணம் என்றால் டிகிரி காபி. பாலின் தரத்தை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்த காலத்தில் வந்த பெயர் என்பர். சிக்கரி என்பதே திரிந்து டிகிரி ஆயிற்று என்பாரும் உளர். நெடுஞ்சாலை நெடுகப் பித்தளை டவராக்களை அடுக்கி வைத்து இந்தப் பெயரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் வந்து, தண்ணீர் கலவாத பாலில் முதல் டிகாஷன் விட்டுக் குடித்துப் பார்த்தபின் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுங்கள். உறக்கம் குறைந்தவர்கள் காலையில் குடிப்பது நல்லது. இரவு உணவுக்குப் பின் எல்லாருக்கும் காபி சொல்லி, நள்ளிரவில் ஐந்து பேர் சத்திரத் தாழ்வாரத்தில் உலாவிய கதையும் எங்களுக்கு உண்டு.

திருவையாற்றில் ஐயாறப்பரைத் தரிசித்தவர்கள் அசோகா வாங்காமல் திரும்புவதில்லை. பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறிய அல்வா போன்ற பண்டம். வாயில் வைத்தால் தானே இறங்கிவிடும். கட்டிய பல்லுக்குப் பகையில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் பகை. சிதம்பரத்தில் கத்தரிக்காய்க் கொத்சு கேட்டுச் சாப்பிடலாம். ஆனால் கடைகளில் வெங்காயம் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்க. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய். பூண்டுக்கு அஞ்சுபவர்கள் அச்சமின்றி உண்ணலாம், வயிற்றுக்கும் இதம். அழகர்கோயில் தோசை தோலுளுந்தில் செய்து நெய்யில் பொரித்தது. சுவை அபாரம், ஆனால் சொந்தப் பல் உள்ளவர்களுக்கே அதை நான் பரிந்துரைப்பேன்.

ஒப்பிலியப்பன் சந்நிதியில் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம் என்பது அன்பர்கள் அறிந்ததே. எங்கள் குழுவில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் ஒருவர் அந்தப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வீட்டில் இருபது வருஷமா எனக்கு இந்த நைவேத்தியந்தான்," என்றார். அவருடைய இல்லாள் சிரிக்கவில்லை.

உணவு முடிந்தபின் வெற்றிலை. 2025-ஆம் ஆண்டு கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலையாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வண்டியில் ஒரு சிறு இரும்பு உரலும் வருகிறது; பல் இல்லாதவர்களுக்கு இடித்துக் கொடுக்கும் கைங்கரியம் ஆசிரியருடையது.

இனி, நின்றுவிட்டவரைப் பற்றி. அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்ந்தவர், ஓய்வூதியம் கிடையாது. முதல் இரண்டாண்டுகள் எங்களோடு வந்தார். ஓட்டலில் பில் வந்ததும் எங்களுள் வசதியான இருவர், "உங்களுக்கு எதற்கு ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று போட்டியிடுவார்கள். நல்ல மனம்தான். ஆனால் பதினான்கு பேர் நடுவில், சப்ளையர் நிற்க, ஒவ்வொரு வேளையும் அது நடந்தது. பிறகு அவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. ஓராண்டு முழுவதும் நான் அந்த மூட்டுவலியை நம்பினேன். ஒருநாள் விடியற்காலையில் கோயிலுக்குப் போனபோது, அவர் ஒன்பதாவது சுற்றாக நவக்கிரகத்தை வலம் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நடையைத் தளர்த்தினார். நான் காணாதவன்போல் அம்பாள் சந்நிதிக்குள் போய்விட்டேன்.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர், ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை மூடிய உறையில் இட்டுப் பெயர் எழுதாமல் கோயில் மண்டபத்தில் வைத்த பெட்டியில் போட்டுவிடுகிறோம். உறையைப் பிரிப்பவர், யார் எவ்வளவு என்று அறியமாட்டார். குறைவதை ஈடுசெய்ய இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முன்பு போட்டியிட்ட அதே இருவர். ஓட்டலில் ஒரே பில். நான் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன். இரண்டு இட்டலி உண்பவரும் நெய் ரோஸ்ட் உண்பவரும் ஒரே தொகை கொடுப்பதா என்ற முணுமுணுப்பும் இதனால் நின்றது.

சென்ற பிரதோஷத்தன்று, நந்தி அபிஷேகத்துக்குக் காத்திருக்கையில் அவர் பக்கத்தில் போய் அமர்ந்து, பெட்டியைப் பற்றிச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு, "பார்க்கலாம்," என்றார். வண்டியில் பதினான்கு இருக்கைகள். தை மாதப் பயணத்துக்கான பக்கத்தில் பதின்மூன்று பெயர்களை மையால் எழுதி, பதினான்காவதாக அவர் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எதிரே: தோசை, மெத்தென்று, காபி, சர்க்கரை அரைக் கரண்டி.